600 லிட்டர் ஆஸ்கார் மீன் தொட்டிக்குக் கழிவை வடிகட்ட எது ஏற்றது: கேனிஸ்டரா, சம்ப்பா?

திருச்சி_ஆஸ்கார் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக் கூடத்தில் 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் கொண்ட கண்ணாடித் தொட்டி ஒன்றை ஒன்றரை ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். மேலே விட்டிருக்கும் இடைவெளியையும் அடியில் கிடக்கும் கூழாங்கற்களையும் கழித்தால் ஏறத்தாழ 600 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஆஸ்கார் மூன்று, சில்வர் டாலர் மீன் ஐந்து, சக்கர் மீன் ஒன்று வளர்கின்றன. ஆஸ்கார்கள் இப்போது ஒவ்வொன்றும் பத்து அங்குலம் இருக்கும்.

தொட்டியின் இரு முனைகளிலும் தலா ஒரு டாப் ஃபில்டர் (தொட்டியின் மேல் வைக்கும் பஞ்சுப் பெட்டி) ஓடுகிறது. இரண்டிலும் வெள்ளைப் பஞ்சு வைத்திருக்கிறேன். ஞாயிறுதோறும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றி, பஞ்சையும் அலசி வைக்கிறேன். ஆனாலும் புதன்கிழமைக்குள் தண்ணீரில் தூசி மிதக்கத் தொடங்கிவிடுகிறது. அலங்காரத்துக்கு வைத்த வேர்க்கட்டைக்குப் பின்னால் உள்ள மூலையில் கழிவு குவிந்துகொண்டே இருக்கிறது. விளக்கைப் போட்டால் புழுதிக்காற்றில் மீன்கள் நீந்துவதைப் போலத் தெரிகிறது.

கடைகளில் விசாரித்தபோது ஒருவர் பெரிய கேனிஸ்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர்) வாங்கச் சொன்னார், ஒருவர் சம்ப் (தொட்டித் தண்ணீரைக் கீழே இறக்கி, வடிகட்டி, மோட்டாரால் மேலே ஏற்றும் அடித்தொட்டி) கட்டச் சொன்னார், மூன்றாமவர் நீச்சல்குளத்துக்குப் போடும் மணல் ஃபில்டரே போதும் என்றார். ஒரே முறை செலவு செய்து சரியானதைப் போட விரும்புகிறேன். தொட்டியில் துளை எதுவும் இல்லை. வாரத்தில் ஓரிரு முறை ஒரு மணி நேரம் மின்சாரம் போகும், எங்கள் இன்வெர்ட்டரில் மோட்டார் இணைக்கவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடன் இருப்பேன்.

தெளிநீர் எழுதியது:

வணக்கம் நண்பரே. எதையும் வாங்குவதற்கு முன் செலவில்லாத ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். தொட்டியின் நடுப்பகுதியிலிருந்து ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீர் எடுத்து, யாரும் தொடாத இடத்தில் இரவு முழுவதும் வையுங்கள். காலையில் அடியில் பழுப்பு நிறப் படிவு தங்கி மேலே தண்ணீர் தெளிந்திருந்தால், உங்கள் சிக்கல் கழிவுத் துகள்கள்தாம். அப்படியானால் இந்த உரையாடல் உங்களுக்குப் பயன்படும். படியாமல் பால் கலந்ததுபோல் நின்றால் அது பாக்டீரியாப் பெருக்கம். பச்சையாக இருந்தால் மிதக்கும் பாசி. பின்னவை இரண்டுக்கும் நீங்கள் எவ்வளவு பெரிய ஸ்பாஞ்ச் வைத்தாலும் தீர்வு கிடைக்காது, ஏனெனில் அவை ஸ்பாஞ்சின் கண்களைவிட மிகச் சிறியவை.

துகள்தான் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். டாப் ஃபில்டரில் பலரும் கவனிக்காத குறை ஒன்று இருக்கிறது. மோட்டார் தொட்டிக்குள் இருக்கிறது, பஞ்சு மேலே இருக்கிறது. அதாவது, ஆஸ்கார் போட்ட முழுக் கழிவு முதலில் மோட்டாரின் சுழலும் இறக்கைகளில் அடிபட்டு மாவாக அரைபட்ட பிறகுதான் பஞ்சுக்குப் போய்ச் சேருகிறது. முழுதாக இருந்தபோது சாதாரண ஸ்பாஞ்சே பிடித்திருக்கக்கூடிய ஒன்றை நாமே பொடியாக்கிவிட்டு, அந்தப் பொடியைப் பிடிக்கப் பஞ்சைத் தேடுகிறோம். நீங்கள் புதன்கிழமை பார்க்கும் புழுதியில் பெரும்பகுதி இப்படி உண்டானதாகவே இருக்கும். எந்த அமைப்பைத் தேர்ந்தெடுத்தாலும், கழிவு மோட்டாரைத் தொடுவதற்கு முன்பே வடிகட்டப்பட வேண்டும் என்பதை முதல் விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் நேரில் பாருங்கள். ஞாயிறு வரை காத்திருக்காமல் வியாழன் அன்று பஞ்சை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். குழாயிலிருந்து தண்ணீர் விழும் இடத்தில் மட்டும் கருப்பாகத் தோல்போல் இறுகியிருக்கும், ஓரங்கள் ஏறக்குறைய வெள்ளையாகவே இருக்கும். இறுகிய இடத்தில் நுழைய முடியாத தண்ணீர், பஞ்சுக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையிலுள்ள சந்து வழியாக எதையும் விடாமல் சுமந்துகொண்டு தொட்டிக்கே திரும்பிவிடுகிறது. வடிகட்டியின் தரத்தைவிட இந்தச் சந்துதான் பல தொட்டிகளில் தண்ணீரைக் கெடுக்கிறது.

மூன்றாவது செய்தி கொஞ்சம் அடிப்படையானது. மீன்கள் வெளியேற்றும் அம்மோனியாவில் பெரும்பகுதி செவுள் வழியாகக் கரைந்தே வெளியேறுகிறது, அதை எந்த ஸ்பாஞ்சும் வடிகட்டாது. அதை மாற்றி நஞ்சைக் குறைப்பது ஃபில்டரில் ஒட்டி வாழும் நல்ல பாக்டீரியாவின் வேலை. இயந்திர வடிகட்டல் திடக்கழிவை ஓரிடத்தில் சேர்த்துத் தருகிறது, அவ்வளவுதான். ஸ்பாஞ்சில் சிக்கிய கழிவு தொட்டியைவிட்டு வெளியேறிவிட்டதாக நினைக்கக் கூடாது. அதன்மேல் உங்கள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. அது அங்கேயே மக்கும், ஆக்சிஜனைத் தின்னும், நுண்துகளாகக் கரைந்து மறுபடியும் தொட்டிக்கு வரும். 30 டிகிரி வெப்பத்தில் நன்னீரில் ஒரு லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் அளவுக்குத்தான் ஆக்சிஜன் கரைந்து நிற்கும். திருச்சி வெயிலில் தொட்டி அந்த வெப்பத்தை எளிதில் தாண்டிவிடும் என்பதால், மக்கும் கழிவுக்கு அந்த ஆக்சிஜனைப் பங்குபோட்டுக் கொடுக்க நமக்கு இயலாது.

ஆகவே என் கேள்வி வேறு: எந்த ஸ்பாஞ்சை வாரத்துக்கு இரண்டு முறை, சலிப்பில்லாமல், ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கழுவி மறுபடி வைப்பீர்கள்? அதற்கு இடம்கொடுக்கிற அமைப்பே உங்கள் தொட்டிக்கு நல்லது. மணல் ஃபில்டரைப் பற்றி ஒரு சொல். அதற்கு அழுத்தம் கூடிய, மின்சாரம் அதிகம் தின்னும் மோட்டார் வேண்டும். மீன் கழிவு மணலைக் களிபோல் ஒட்டவைக்கும். பின்னோட்டமாகக் கழுவ ஒவ்வொரு முறையும் நிறையத் தண்ணீர் வீணாகும். வெளியில் உள்ள பெரிய குளத்துக்கு யோசிக்கலாம், கூடத்திலுள்ள தொட்டிக்கு வேண்டாம்.

குளக்கரை எழுதியது:

தெளிநீர் ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். அதே காரணத்துக்காகத்தான் சம்ப்பைப் பரிந்துரைக்கிறேன். சம்ப்பில் தண்ணீர் தன் எடையால் கீழே இறங்குகிறது. கழிவு எந்த இறக்கையிலும் படாமல் முதல் அறையில் உள்ள ஸ்பாஞ்சின்மேல் விழுகிறது. மோட்டார் கடைசி அறையில், தெளிந்த தண்ணீரில் நிற்கிறது. ஸ்பாஞ்ச் கண்ணெதிரே இருப்பதால் அழுக்கு ஏறினால் தெரியும், கையால் எடுத்துவிடலாம்.

முதல் அறையில் என்ன வைப்பது என்பதில் பலர் தவறு செய்கிறார்கள். 200 மைக்ரான் அளவு நுண்கண் கொண்ட வடிகட்டும் பை போட்டால் தண்ணீர் பளிங்கு போல் ஆகும் என்பது உண்மைதான், ஆனால் மூன்று பெரிய ஆஸ்கார் உள்ள தொட்டியில் அந்தப் பை மூன்று நாளில் அடைத்து வழிய ஆரம்பித்துவிடும். வழிந்த பிறகு அது இருந்தும் பயனில்லை. ஸ்பாஞ்சின் கண்களை ஓர் அங்குலத்துக்கு எத்தனை என்று எண்ணி, 10, 20, 30, 45 பி.பி.ஐ. என்று குறிப்பிடுவார்கள். எண் கூடக்கூடக் கண் நுணுக்கமாகும். தண்ணீர் முதலில் சந்திப்பது 10 அல்லது 20 ஆக இருக்கட்டும், அடுத்து 30, வேண்டுமானால் கடைசியில் மெல்லிய பஞ்சு. நேரடியாக 45-ஐ முன்னால் வைத்தால் அதன் முகப்பு மட்டும் அடைத்துக்கொள்ளும், உள்ளே உள்ள இரண்டு அங்குலத் தடிமன் வேலையே செய்யாது. ஸ்பாஞ்சை அறையின் அகலத்தைவிடக் கால் அங்குலம் கூடுதலாக வெட்டி இறுக்கமாகச் செருகினால், மேலே சொல்லப்பட்ட சந்துப் பிரச்சினை வராது.

மின்தடையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இங்கே கணக்குப் போட்டே ஆக வேண்டும். உங்கள் தொட்டியின் பரப்பு ஏறத்தாழ 183 க்கு 61 சென்டிமீட்டர். நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 11 லிட்டர் கீழே வரும். மோட்டார் நின்றவுடன் நான்கு சென்டிமீட்டர் இறங்குவதாக வைத்தால் 45 லிட்டர், அதோடு குழாய்களில் நிற்கும் தண்ணீரும் சேரும். 36 அங்குல நீளம், 15 அங்குல அகலம், 15 அங்குல உயரமுள்ள சம்ப் மொத்தம் 130 லிட்டருக்குச் சற்று மேல் கொள்ளும். அதைப் பாதி அளவில் ஓட்டினால்தான் அந்த 45 லிட்டருக்கும் இடம் இருக்கும். முக்கால் அளவுக்கு நிரப்பி அழகு பார்த்தால் முதல் மின்தடையிலேயே கூடம் நனையும்.

மேலே திரும்பும் குழாயின் வாய் தண்ணீருக்குள் ஆழமாக இருந்தால் அது பின்னோக்கி உறிஞ்சும். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அந்தக் குழாயில் சிறு துளை ஒன்று போட்டுவிடுங்கள். மட்டம் இறங்கியதும் காற்று புகுந்து உறிஞ்சல் நின்றுவிடும். அந்தத் துளையைப் பாசியும் நத்தையும் அடைக்கும், மாதம் ஒரு முறை குச்சியால் குத்திவிட வேண்டும். ஒருவழி வால்வை மட்டும் நம்ப வேண்டாம், ஒரு சிறு துணுக்கு சிக்கினாலும் அது மூடாது.

சம்ப்பிலும் ஒரு குறை உண்டு. தொட்டியிலிருந்து சம்ப்புக்குத் தண்ணீரை இறக்கும் வழிந்தோடும் பெட்டி மேல்மட்டத் தண்ணீரைத்தான் எடுக்கிறது, ஆஸ்காரின் கழிவோ அடியில் கிடக்கிறது. எனவே மூலையில் ஒரு வேவ் மேக்கரை (தண்ணீரைத் தள்ளி ஓட்டம் உண்டாக்கும் சிறு மோட்டார்) தாழ்வாக வைத்து, தரையை ஒட்டி ஓட்டம் கொடுத்து, கழிவை வழிவாய்ப் பக்கம் தள்ள வேண்டும்.

கோவை_நன்னீர் எழுதியது:

சம்ப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் தொட்டியில் துளை இல்லை என்பதை இருவரும் வேகமாகக் கடந்துவிட்டார்கள். அதனால் இதை எழுதுகிறேன்.

துளையில்லாத தொட்டியில் விளிம்பின்மேல் தொங்கும் உறிஞ்சுகுழாய்ப் பெட்டியை வைத்துச் சம்ப் ஓட்டலாம் என்று ஒரு கடையில் சொன்னதை நம்பி நானும் வைத்தேன். எட்டு மாதம் நன்றாக ஓடியது. ஒரு நாள் மின்சாரம் போய்த் திரும்பியபோது அந்த வளைகுழாயில் காற்று அடைத்துக்கொண்டது. தண்ணீர் கீழே இறங்கவில்லை. கீழேயிருந்த மோட்டாரோ தன் வேலையைச் செய்து, சம்ப்பில் இருந்த தண்ணீர் முழுவதையும் மேலே ஏற்றித் தரையில் ஊற்றியது. அலுவலகத்திலிருந்து வந்து கதவைத் திறந்தபோது செருப்பு மிதந்தது. கீழ்வீட்டுக் கூரையிலும் கசிவு. அன்றிலிருந்து நான் கேனிஸ்டர்தான்.

கேனிஸ்டரில் மோட்டார் பெரும்பாலும் தலைப்பகுதியில், அதாவது ஸ்பாஞ்சுக்குப் பிறகு இருக்கிறது. ஆகவே கழிவை அரைக்கும் குற்றம் அதற்கும் இல்லை. மூடிய அமைப்பு என்பதால் வழியும் அச்சமும் குறைவு. ஆனால் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்கக் கூடாது. ஃப்ளூவல் எஃப்.எக்ஸ் 6 என்ற கேனிஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டாரின் திறன் மணிக்கு 3,500 லிட்டர், ஃபில்டராக ஓடும்போது 2,130 லிட்டர் என்று அந்நிறுவனமே இரண்டு எண்களையும் தருகிறது. ஸ்பாஞ்ச் அழுக்கேறிய பின் அது இன்னும் குறையும். ஒரே ஒரு எண்ணை மட்டும் தரும் மலிவு வகைகளில் அது எந்த எண் என்று நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். 

ஓட்டம் ஏன் முக்கியம் என்றால், மணிக்கு 600 லிட்டர் ஓடினால் ஒரு மணி நேரத்தில் தொட்டி முழுவதும் வடிகட்டப்பட்டுவிடும் என்பது உண்மையில்லை. வடிகட்டிய தண்ணீர் வடிகட்டாததோடு கலந்துகொண்டே இருப்பதால், அந்த ஒரு மணி நேர முடிவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஒரு முறைகூட ஃபில்டருக்குள் போகாமலே இருக்கும். மும்மடங்கு ஓட்டம் கொடுத்தால்தான் அது நூற்றுக்கு ஐந்தாகக் குறையும். எனவே உங்கள் தொட்டிக்கு உண்மையான ஓட்டம் மணிக்கு 2,000 லிட்டருக்குக் குறையக் கூடாது என்பது என் கருத்து.

கேனிஸ்டரின் பெரிய குறை, அதைத் திறப்பதற்குச் சோம்பல் வருவதுதான். குழாயைக் கழற்றி, வாளியில் வைத்துத் தூக்கி, குளியலறைக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டு மாதம் திறக்காமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். இதற்குத் தீர்வாக உறிஞ்சும் குழாயின் வாயிலேயே 20 பி.பி.ஐ. ஸ்பாஞ்ச் ஒன்றைச் செருகிவிட்டேன். கழிவின் பெரும்பகுதி தொட்டிக்குள்ளேயே அதில் ஒட்டிக்கொள்கிறது. வாரம் இரு முறை மோட்டாரை நிறுத்தி, ஸ்பாஞ்சுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பையைப் பிடித்து, அப்படியே உள்ளே இழுத்து எடுத்து அலசுகிறேன். பை பிடிக்காமல் உருவினால் சேர்ந்த அழுக்கெல்லாம் மேகம்போல் திரும்பிவிடும், இது முக்கியம். கேனிஸ்டரை மூன்று மாதத்துக்கு ஒரு முறை திறந்தால் போதுமானதாக இருக்கிறது.

மின்தடை ஒரு மணி நேரம் என்றால் அஞ்ச வேண்டாம். நான்கைந்து மணி நேரம் நின்றுவிட்டால் மட்டும், மூடிய பெட்டிக்குள் ஆக்சிஜன் தீர்ந்து தண்ணீர் கெட்டிருக்கும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அந்தத் தண்ணீரை வெளியே கொட்டிவிட்டு, உள்ளே இருப்பவற்றை அலசிய பிறகே ஓட்டுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

மதுரையில் ஐந்தடித் தொட்டியில் ஆறு ஆண்டுகளாகத் தங்கமீன் வளர்க்கிறேன். எங்கள் வீட்டில் ஸ்பாஞ்சைக் கழுவுபவள் நான்தான் என்பதால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு வாளியில் வைத்துக்கொண்டு, ஸ்பாஞ்சை அதற்குள் முழுக்கி மூன்று நான்கு முறை பிழிந்தால் தேநீர் நிறத்தில் சாறு இறங்கும். அந்த வாளியை மாற்றி மறுபடி பிழிய வேண்டும். இரண்டாம் வாளி நீர் வெளிறினால் போதும், வெள்ளைத்துணி போல் ஆக்க வேண்டியதில்லை. பாக்டீரியாவுக்கென்று செராமிக் வளையம் போன்றவை தனியாக இருந்தால், கழிவு பிடிக்கும் ஸ்பாஞ்சைக் குழாயடியிலேயே கழுவலாம், ஒன்றும் ஆகாது. உங்கள் ஃபில்டரில் பஞ்சைத் தவிர வேறெதுவும் இல்லையென்று தெரிகிறது. அப்படியானால் குளோரின் கலந்த குடிநீர்க் குழாயில் அதைக் கழுவவே கூடாது, இரண்டு ஃபில்டரையும் ஒரே நாளில் கழுவவும் கூடாது. ஒன்றை ஞாயிறு, மற்றதைப் புதன் என்று வைத்துக்கொள்ளுங்கள். செராமிக் வளையம் தனியாக வைத்திருப்பவர்கள் ஒவ்வோர் அளவிலும் இரண்டு ஸ்பாஞ்ச் வெட்டி வைத்தால் ஒன்று காயும்போது மற்றது தொட்டியில் இருக்கும். கைக்கு அலுப்புத் தெரியாது.

சக்கர் மீனைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கிறார்கள். அது கழிவைத் தின்பதில்லை, அதுவே இழை இழையாக ஏராளமாகக் கழிக்கிறது. உங்கள் வேர்க்கட்டைக்குப் பின்னால் குவிவதில் அதன் பங்கும் கணிசமாக இருக்கும். அதற்காக அதை ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிடாதீர்கள், நம் நீர்நிலைகளில் அது ஏற்கெனவே பெருகித் தொல்லை தருகிறது.

திருச்சி_ஆஸ்கார் எழுதியது:

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. தம்ளர் சோதனையைச் செய்தேன். காலையில் அடியில் விரல்நகக் கனத்துக்குப் பழுப்புப் படிவு, மேலே தெளிந்த தண்ணீர். பஞ்சையும் தூக்கிப் பார்த்தேன். ஐயா சொன்னதுபோலவே தண்ணீர் விழும் இடத்தில் கருந்தோல், ஓரங்கள் வெள்ளை. இத்தனை நாள் ஞாயிறுதோறும் அதைப் பிழிந்துகொண்டிருந்தும் இது என் கண்ணில் படவில்லை.

நேற்றே இரண்டு மோட்டார்களின் வாயிலும் 20 பி.பி.ஐ. ஸ்பாஞ்சைச் செருகிவிட்டேன். வேர்க்கட்டையை மூலையிலிருந்து ஒரு சாண் முன்னால் நகர்த்தி, பின்னால் வேவ் மேக்கர் வைத்தேன். ஒரே இரவில் ஸ்பாஞ்ச் இரண்டும் பழுத்த இலை நிறத்துக்கு வந்துவிட்டன. கோவை நண்பர் சொன்னதுபோல் பை பிடித்தே எடுத்தேன் சகோதரி, வாளியில் தேநீர்தான் இறங்கியது. கழுவும் நாட்களையும் நீங்கள் சொன்னபடியே பிரித்துக்கொள்கிறேன்.

நிலையான ஏற்பாடாகச் சம்ப் போடவே மனம் செல்கிறது, ஆனால் தொங்கும் பெட்டி வைக்கப் போவதில்லை. தொட்டி செய்தவரிடம் கேட்டேன். பின்கண்ணாடி டஃபன் செய்யாத (சூடேற்றிக் கடினமாக்காத) 12 மில்லிமீட்டர் கண்ணாடிதான், தொட்டியைக் காலி செய்தால் மேற்பகுதியில் துளையிட்டுத் தர முடியும் என்கிறார். கோடை முடிந்ததும் செய்ய எண்ணுகிறேன். ஒரே ஐயம்: தொட்டியின் இரும்பு ஸ்டாண்டுக்குள் உயரம் 24 அங்குலம்தான் இருக்கிறது. 15 அங்குல உயரச் சம்ப் வைத்தால் மேலே ஒன்பது அங்குலமே மிஞ்சும். அதற்குள் கைவிட்டு ஸ்பாஞ்ச் எடுக்க முடியுமா?

குளக்கரை எழுதியது:

துளையிடச் சொல்லும்போது ஒன்றுக்கு இரண்டாகவே போடச் சொல்லுங்கள். ஒன்றில் தண்ணீர் இறங்கட்டும், மற்றது முதலாவது அடைத்துக்கொண்டால் காப்பாற்றுவதற்காகச் சற்று மேலே வெறுமனே இருக்கட்டும்.

ஒன்பது அங்குலத்தில் கை நுழையும், ஆனால் செங்குத்தாக நிறுத்திய 14 அங்குல ஸ்பாஞ்ச் பலகையை நேராக மேலே உருவ முடியாது. ஈரம் ஏறியதை வளைத்து இழுத்தால் பிடித்த கழிவு முழுவதும் அடுத்த அறையில் சிந்திவிடும். 7 அங்குல வாய் கொண்ட வடிகட்டும் பையும் உங்களுக்கு ஆகாது, அதன் நீளம் ஏறத்தாழ 16 அங்குலம். அதனால் முதல் அறையை மட்டும் மாற்றி அமையுங்கள். அடியில் துளைகள் போட்ட பிளாஸ்டிக் தட்டு ஒன்றை அந்த அறையின் மேல்விளிம்பில் உட்காரவைத்து, அதில் 20, 30 ஸ்பாஞ்சைப் படுக்கையாக அடுக்கி, தண்ணீர் தட்டின் மேல் பரவி விழும்படி குழாயை அமைக்கலாம். தட்டின் உயரம் ஐந்து அங்குலத்துக்குள் இருந்தால் இழுப்பறைபோல் முன்பக்கமாக எடுத்துவிடலாம்.

சம்ப்புக்குக் கண்ணாடி வெட்டச் சொல்வதற்கு முன், அதே அளவில் ஓர் அட்டைப் பெட்டியை ஸ்டாண்டுக்குள் வைத்து, நனைத்த ஸ்பாஞ்ச் அடுக்கிய தட்டு ஒன்றை ஒரே கையால் சிந்தாமல் வெளியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் சம்ப்பின் உயரத்தை 12 அங்குலமாகக் குறைத்து, நீளத்தை 48 ஆகக் கூட்டுங்கள். கொள்ளளவு ஏறத்தாழ 140 லிட்டர் வரும், மின்தடைக் கணக்கும் கெடாது.